இரட்சணிய யாத்திரிகமும் நம் ஊன்றுகோல்களும்

மனிதன் ஏதேனும் ஒன்றைப் பற்றிக்கொண்டல்லது நிற்கமாட்டான். குழந்தை தாயின் முந்தானையைப் பற்றுகிறது. கிழவன் தடியைப் பற்றுகிறான். இடைப்பட்ட நாமோ உத்தியோகத்தையும், வீட்டையும், வங்கிக் கணக்கையும், குலப்பெருமையையும் பற்றுகிறோம். ஒன்றையும் பற்றாதே என்று நமக்கு உபதேசிப்பதில் பயனில்லை. எதைப் பற்றுவது என்பதே கேள்வி. இக்கேள்வியைத் தமிழிலே பெருங்காப்பியமாக விரித்துப் பாடிய நூல் ஒன்று உண்டு. அது எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம். அந்நூலைப் பற்றியே இங்குச் சில கூற விரும்புகிறோம்.

செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தமிழில் வழிபாடு நடைபெறும் கிறிஸ்தவ ஆலயங்கள் உள்ளன. அங்கெல்லாம், உலகத்தை நம்பாதீர், கடவுளையே நம்புவீர் என்னும் பிரசங்கம் அடிக்கடி செவியில் விழுவதுண்டு. கேட்போர் இருவகையினர். ஒரு சாரார் தலையசைத்துக் கண்ணீர் துடைத்துக்கொண்டு வீடு திரும்பி, மறுநாட்காலை பழைய கவலைகளையே சுமக்கத் தொடங்குகின்றனர். மற்றொரு சாரார், பெரும்பாலும் இளைஞர், இது ஏழையைத் தூங்கவைக்கும் தாலாட்டு என்று கூறி எழுந்து போய்விடுகின்றனர். இவ்விரு சாராருக்கும் கிருஷ்ண பிள்ளையின் நூலில் விடை உண்டு என்பது நமது துணிபு. நூலிற் குறையும் உண்டு. அதனையும் மறையாது கூறுவோம்.

கிருஷ்ண பிள்ளை 1827ஆம் ஆண்டு திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பு என்னும் ஊரில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். கம்பனையும் வைணவ நூல்களையும் துறைபோகக் கற்றவர். சாயர்புரத்துக் கிறிஸ்தவப் பள்ளியில் தமிழாசிரியராக அமர்ந்தவர், 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பதை ஒட்டியதே. பதின்மூன்று ஆண்டுகள் நற்போதகம் என்னும் மாத இதழில் சிறிது சிறிதாக வெளிவந்த அவரது காப்பியம் 1894இல் நூலுருப் பெற்றது. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களையும், 3766 பாடல்களையும் உடையது. 1900இல் ஆசிரியர் மறைந்தார். கிறிஸ்தவக் கம்பர் என்று உலகம் அவரைப் போற்றுகிறது.

இதற்கு மூலம் ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட ஆங்கில நூல் என்பதை ஆங்கிலம் கற்றோர் நன்கு அறிவர். பன்யன் பண்டிதரல்லர், ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துப் பிழைத்த குடும்பத்தவர். அனுமதியின்றிப் பிரசங்கம் செய்தார் என்பதற்காக 1660 முதற் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்போர்டு நகரச் சிறையில் அடைபட்டுக் கிடந்தார். இனிப் பிரசங்கியேன் என்று ஒரு வாக்குக் கொடுத்திருந்தால் மனைவி மக்களோடு வீட்டிலே இருந்திருக்கலாம். கொடுத்தாரில்லை. அத்தகைய மனிதர் எழுதிய கதை அது. தன் ஊர் அழியப்போகிறது என்று அறிந்த ஒருவன் முதுகிற் சுமையோடு புறப்பட்டு, சேற்றிலும் மலையிலும் சந்தையிலும் சிறையிலும் அகப்பட்டு, கடைசியில் ஆறு கடந்து வானகரம் சேர்கிறான். கதை இவ்வளவே.

இக்கதையில் நம்பிக்கை என்பது ஒரு குணமாக மட்டும் வரவில்லை. வழித்துணையாக நடந்து வரும் ஓர் ஆளாகவே வருகிறது. அந்த ஆள் எங்கிருந்து வருகிறான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மடத்திலிருந்து வரவில்லை, மலைக்குகையிலிருந்தும் வரவில்லை. மாயச் சந்தையிலிருந்தே வருகிறான்! வீடு, நிலம், பட்டம், பதவி, பொன், மணி எல்லாம் விற்கப்படும் அச்சந்தையிலே, ஒன்றையும் வாங்கமாட்டோம் என்று நின்ற இரு யாத்திரிகர்களுள் ஒருவனைச் சந்தைக்காரர் வதைத்துக் கொல்கின்றனர். அதைக் கண்ணாரக் கண்ட அவ்வூரான் ஒருவன், எஞ்சிய யாத்திரிகனோடு சேர்ந்து நடக்கிறான். அவனுக்குப் பெயரே நம்பிக்கை. எல்லாம் இழந்தும் அஞ்சாத ஒருவனைக் கண்ட கண்ணிலேதான் நம்பிக்கை பிறக்கிறது என்பது இதன் பொருள். வயிறு நிறைந்தவன் வாய்ப்பேச்சால் அது பிறப்பதில்லை. பிரசங்க பீடத்தில் நிற்போர் இதனைச் சிந்திப்பார்களாக.

பின்னர் ஐயக்கோட்டையில் இருவரும் அடைபட்டபோது, உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்று கலங்கும் யாத்திரிகனைத் தேற்றுபவனும் இந்த நம்பிக்கையே. இறுதியில் மரண ஆற்றிலே யாத்திரிகன் தலை மூழ்கும்போது, தன் காலுக்கு நிலம் தட்டுப்பட்டதை அறிவித்து அவனைத் தாங்குபவனும் அவனே. ஆற்றுக்குப் பாலமில்லை. நம்பிக்கை ஆற்றை வற்றச்செய்யவுமில்லை. கூடவே நனைந்தது, ஆயினும் கால் ஊன்றியது. இதுவன்றோ உண்மை!

இனி, கிருஷ்ண பிள்ளை இம்மூலத்தை வெறுமனே மொழிபெயர்த்தாரல்லர் என்பதைக் கூறவேண்டும். பன்யன் நூலில் சிலுவை ஒரு காட்சியாகவே வருகிறது. யாத்திரிகன் அதன் முன்னே நிற்கிறான். சுமை அவிழ்ந்து உருண்டு போகிறது. அவன் மேலே நடக்கிறான். கிருஷ்ண பிள்ளையோ குமார பருவத்தில் இயேசு பெருமான் பிடிபட்டு, பழிக்கப்பட்டு, அடியுண்டு, சிலுவையேறிய வரலாற்றை விரிவாகப் பாடி வைத்துள்ளார். கதைக்கு இது இடையூறு என்று குறை கூறுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. கடவுளை நம்பு என்று சொன்னால், எப்படிப்பட்ட கடவுளை என்று கேட்கத் தமிழனுக்கு உரிமை உண்டு. அரியணையில் வீற்றிருந்து நம் கஷ்டங்களை எட்டிப் பார்க்கும் கடவுளையா? அன்று. வீடின்றி, பணமின்றி, நண்பர் கைவிட, அரசாங்கம் கைகழுவ, உடுத்த ஆடையும் உரியப்பெற்று நின்ற ஒருவரை நம்பு என்கிறார் கவி. உலகப் பாதுகாப்புகள் அனைத்தையும் இழந்த ஒருவரே நம் பாதுகாப்பு என்னும் இவ்விந்தையைக் காட்டாமல் நம்பிக்கையைப் பற்றிப் பேசினால் அது காற்றிலே கட்டிய வீடாகும். ஆதலின் இவ்விடத்தில் சீடர் ஆசிரியரை விஞ்சினார் என்றே சொல்வோம்.

குறையைக் கூறுவோம். பன்யன் அடுப்பங்கரைப் பெண்ணுக்கும் விளங்கும் ஆங்கிலத்தில் எழுதினார். கிருஷ்ண பிள்ளையோ கம்பன் வழியைப் பின்பற்றி விருத்தப்பாவில், கற்றோர் மட்டும் சுவைக்கும் நடையில் பாடினார். அக்காலத்தில் கிறிஸ்தவத் தமிழ் வெள்ளைக்காரன் தமிழ் என்று பண்டிதர்கள் எள்ளி நகையாடினர். அவ்விகழ்ச்சியைப் போக்க அவர் மேற்கொண்ட முயற்சி போற்றத்தக்கதே. ஆயினும் பயன் யாது? பால்மரக் காட்டிலும் செம்பனைத் தோட்டத்திலும் உழைப்பவர் இந்நூலின் ஒரு படலத்தையேனும் உரையின்றிப் படிக்கவியலாது. வேதப் புஸ்தகத்துக்கு அடுத்தபடி ஆங்கில ஏழைகளின் கையில் இருந்த புத்தகம், தமிழில் புலவர் பேழைக்குள் போய் ஒடுங்கிற்று. நல்லவேளையாக, காப்பியத்தின் இடையிடையே தேவார முறையில் அவர் அமைத்த பதிகங்கள் உருக்கமும் எளிமையும் வாய்ந்தவை. அவை காப்பியத்தை விட்டு வெளியேறி ஆலயங்களிற் பாட்டாக ஒலித்தன. ஏழைக்கு எட்டியது அவ்வளவே. புலமையும் ஓர் ஊன்றுகோல்தான். அதன்மேல் அதிகமாகச் சாய்ந்தால் கவியும் சறுக்குவார் என்பதற்கு இதுவே சான்று.

இனி நூலை விட்டு நம் வீதிக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செந்தூலில் இரயில்வே பணிமனை எழுந்தது. தமிழகத்தாரும் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் அதனைச் சுற்றிக் குடியேறினர். மாதச் சம்பளம், குடியிருக்கக் குவார்ட்டர்ஸ், ஓய்வுக்காலத்தில் பென்ஷன். இதைவிட உறுதியான வாழ்வு வேறு உண்டோ என்று எண்ணியிருப்பர். 1942இல் ஜப்பானியர் வந்தனர். வாழைமரம் அச்சிட்ட அவர்களது நோட்டுகளை மூட்டை கட்டி வைத்தவர்கள், 1945 ஆகஸ்டில் போர் முடிந்தவுடன் வெறுங்காகிதத்தின் சொந்தக்காரராயினர். அதே 1945ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நேச நாட்டு விமானங்கள் அப்பணிமனைமீது குண்டு பொழிந்தன. பின்னர் மீண்டும் எழுந்த பணிமனையும் நிலைத்ததா? 2010ஐ ஒட்டி வேலைகள் பத்து காஜாவுக்குப் போய்விட்டன. பணிமனை நிலத்தை அடுத்து வானளாவும் அடுக்குமாடிகள் எழுந்துள்ளன.

தோட்டத்தின் கதையும் இதுவே. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது, இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டோரிற் பல்லாயிரவர் திரும்பவேயில்லை. 1960களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பிற்பாடு கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. லயத்திலே பிறந்து லயத்திலே நரைத்தவர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தனர். வீடு வேலைக்குச் சொந்தம். வேலை நிலத்துக்குச் சொந்தம். நிலமோ பங்குதாரருக்குச் சொந்தம். இதிலே தொழிலாளிக்குச் சொந்தம் எது?

இவற்றைக் காட்டி, பார்த்தீர்களா, உலகம் நிலையாதது என்று சொல்லிவிட்டு உபதேசியார் வேதப் புஸ்தகத்தை மூடிவிடலாம். அங்கேதான் நாம் மாறுபடுகிறோம். நோட்டு செல்லாமற்போனது வேறு. கூலி குறைத்துக் கொடுக்கப்படுவது வேறு. முன்னது உலகின் நிலையாமை. பின்னது மனிதன் செய்யும் அநியாயம். இரண்டையும் ஒரே மூட்டையிற் கட்டி, கடவுளை நம்பு என்று முத்திரையிடுவது கடவுளுக்கே இழுக்கு. உபாகமம் 24ஆம் அதிகாரத்தில் ஒரு விதி உண்டு. ஏழைக் கூலிக்காரனுக்கு அன்றன்றைய கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது அது. அதற்குக் காட்டப்படும் காரணம் வியக்கத்தக்கது: அவன் அக்கூலியையே எதிர்நோக்கி மனத்தை அதன்மேல் வைத்திருக்கிறான். ஏனடா கூலியின்மேல் மனம் வைத்தாய் என்று கடவுள் அவனைக் கண்டிக்கவில்லை. அவனுக்குரியதை நிறுத்தி வைப்பவனையே கண்டிக்கிறார். ஆனால் 1 தீமோத்தேயு 6ஆம் அதிகாரத்தில், நிலையற்ற செல்வத்தின்மேல் நம்பிக்கை வையாதிருக்கும்படி பவுல் கட்டளையிடச் சொல்வது ஐசுவரியவான்களுக்கு! ஆக, உலகத்தை நம்பாதே என்னும் போதனை முதலிற் போக வேண்டிய முகவரி துரைமார் பங்களாவும் பங்குதாரர் கூட்டமும் ஆகும். நம்மவர் அதனை லயத்துக்கு மட்டுமே கொண்டு சேர்த்தனர். கடிதம் நல்ல கடிதந்தான், விலாசம் தவறிற்று.

அப்படியாயின் ஏழைக்கு அப்போதனை வேண்டாவோ எனின், அவனுக்கும் வேண்டும். வேறொரு காரணத்தால் வேண்டும். இழக்க அஞ்சுபவன் எதையும் கேட்கமாட்டான். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவை யாவை? கள்ளுக்கடைகளை மூடவேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும், தொழிலாளரைக் கொடுமையாக நடத்தும் மேற்பார்வை ஊழியரை நீக்கவேண்டும். தலைவர் ஆர். எச். நாதன் கைதுசெய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். அவர்களைக் கிறிஸ்தவர் என்று நாம் உரிமை கொண்டாட வரவில்லை. ஆயின் அரிசியும் லயமும் போய்விடும் என்று தெரிந்தே அவர்கள் சைக்கிளை விட்டு இறங்க மறுத்தனர். கையில் உள்ளதைவிட மேலான ஒன்றின்மேல் கண் வைத்தவனாலன்றி இது இயலாது. மேற்பார்வை ஊழியர் என்னும் அக்கோரிக்கையை நம் போன்ற கிராணிமார் இருமுறை படிக்கவேண்டும். பெரட்டுக் களத்தில் செக்ரோல் புத்தகத்தோடு நிற்பவனுக்கு நாற்காலியே கடவுளாகிவிடின், அவன் எழுதும் ஒவ்வோர் அரைநாட் பெயரும் ஒரு வீட்டின் அடுப்பைத் தொடும். நாற்காலியை நம்பாதவனே கணக்கை நேர்மையாக எழுதத் துணிவான். கடவுளை நம்புதல் என்பது தோட்டத்து ஆபீஸிற் காணப்படும் விதம் இதுவே.

சேமிப்பு வேண்டாமா என்று கேட்போர்க்கும் விடை கூறுவோம். 1951இல் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்தது. அதற்குமுன் நரைத்த தொழிலாளிக்கு நாதி யார்? அந்நிதியை இகழ்வது பக்தியன்று, நன்றிகேடு. குடை பிடிப்பவன் மழையை அனுப்பிய கடவுளை மறுத்தவன் ஆகான். ஆனால் குடையைக் கும்பிடுபவனை என்னென்பது? லூக்கா 12ஆம் அதிகாரத்துச் செல்வன் களஞ்சியம் கட்டியதால் மதியீனன் எனப்படவில்லை. விளைந்ததெல்லாம் தனக்கே என்று எண்ணி, தன் ஆத்துமாவுக்குக் களஞ்சியத்தைக் காட்டி இளைப்பாறச் சொன்னதனாலேயே அப்பெயர் பெற்றான். சேமநிதி வயிற்றுக்கு, ஆத்துமாவுக்கு அன்று. அது கருவி, கர்த்தரன்று. இந்த வேறுபாட்டை அறிந்தவன் தன் சேமிப்பிலிருந்து அயலான் பிள்ளையின் பள்ளிச் சம்பளத்துக்கும் கை நீட்டுவான். அறியாதவன் எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டே கிழவனாவான்.

எல்லாவற்றினும் பெரிய ஊன்றுகோல் ஒன்று உண்டு. அது பணமன்று; ஜாதி. கிறிஸ்தவத் தமிழிலக்கியத்தைப் பாராட்டும் எவரும் இதனைத் தாண்டிப் போதலாகாது. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் பெரும் பக்தர். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். அவர் பாடல்கள் இன்றும் ஆலயங்களில் ஒலிக்கின்றன. அத்தகையவர், சபையில் ஜாதி வேற்றுமை கூடாது என்று மிஷனரிமார் வற்புறுத்தியபோது, அதனை எதிர்த்து 1829இல் எழுதினார். 1833இல் பிஷப் டேனியல் வில்சன் ஜாதியைச் சபையினின்றும் அறவே விலக்கவேண்டும் எனச் சுற்றறிக்கை விடுத்தபோது, பலர் ஆலயத்தை விட்டார்களே ஒழிய ஜாதியை விடவில்லை. பொன்னும் பொருளும் மாயை என்று பாடியவர்க்குப் பந்தியும் பாத்திரமும் மாயையாகத் தோன்றாமற்போனது எங்ஙனம்? பொருளை இழந்தவன் மறுபடி சம்பாதிக்கலாம். குலப்பெருமை போனால் தான் யாரென்றே தெரியாது என்று அஞ்சுகிறான். ஆகவேதான் இந்த ஊன்றுகோல் எல்லாவற்றுக்கும் கடைசியிலே கைவிடப்படுகிறது, பலரால் கைவிடப்படுவதேயில்லை.

கடல் கடந்து வந்தும் நாம் இதனைக் கப்பலில் ஏற்றிக்கொண்டே வந்தோம். ஒரே ரொட்டியைப் பிட்டு ஒரே பாத்திரத்திற் பானஞ்செய்யும் நற்கருணையிற் கலந்துகொண்டவர்கள், வாசலைத் தாண்டியதும் சம்பந்தம் பேசுகையில், எந்த ஊர், எந்தத் தெரு என்று மெல்ல விசாரிப்பதைக் கேட்டவர்க்கு நாம் சொல்வது விளங்கும். கடவுளே என் கோட்டை என்று பாடிவிட்டு ஜாதிச் சுவருக்குப் பின்னே ஒளிந்துகொள்வதற்குப் பெயர் நம்பிக்கையா? யாத்திரிகன் குறுகிய வாசலில் நுழைந்தபோது அவன் ஜாதியை எவரும் கேட்கவில்லை. ஆற்றங்கரையிலும் கேட்கவில்லை. நடுவழியில் மட்டும் நாம் ஏன் கேட்கிறோம்?

கிருஷ்ண பிள்ளையின் நூலுக்கு இக்காலத்தில் வேண்டுவது புகழ்மாலையன்று, எளிய உரைநடை. தமிழ்ச் சபைகள் ஒன்றுகூடி, அதன் கதையை லயத்துச் சிறுவனும் படிக்கத்தக்க தமிழில், பதிகங்களைச் சேர்த்து, சிறு சிறு புத்தகங்களாக வெளியிடலாம். மாயச் சந்தைப் பகுதியை முதலில் வெளியிடுக. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் தவணைக் கடனிற் சாமான் வாங்கும் நமக்கு அதைவிடப் பொருத்தமான கதை இல்லை. அதனோடு உபாகமத்தின் கூலிச் சட்டத்தையும் அச்சிடுக. அப்போதுதான் கடிதம் இரு விலாசங்களுக்கும் போய்ச்சேரும்.

நம் ஊன்றுகோல்கள் ஒடியும். சில முன்னரே ஒடிந்துவிட்டன. ஒடியும் என்று அறிந்து பயன்படுத்துவோன் அறிவாளி. ஒடியாது என்று நம்பி அயலானை அக்கோலாலேயே அடிப்பவன் பேதை. ஊன்றுகோலை அயலானுக்குக் கொடுத்துவிட்டும் நடக்கக் கற்றவன் எவனோ, அவனே யாத்திரிகன்.